போகேக்க தள்ளின காற்று வரேக்க மறிச்சால் கணக்கு நேராகாதா?

2024 யூன் 9 – நெடுங்கேணி வாசகர் ஒருவரின் கேள்வி

எனக்கும் மச்சானுக்கும் வாக்குவாதம். பலாலியில இருந்து சென்னைக்குப் போற பிளேனை இப்ப சோளகம், அதான் தென்மேற்குக் காற்று, பின்னால நிண்டு தள்ளும். திரும்பி வரேக்க அதே காற்று முன்னால நிண்டு மறிக்கும். போகேக்க லாபம், வரேக்க நட்டம். அப்ப காற்றில்லாத நாளும் காற்றடிக்கிற நாளும் போய்வர மொத்த நேரம் ஒண்டுதான் எண்டு நான் சொல்லுறன். மச்சான் இல்லை எண்டுறார். ஏன் எண்டு கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியேல்லை. ஆர் சரி?

யூன் 9, இரவு

மச்சான்தான் சரி. காரணத்தை நான் எழுதுகிறேன். வயல்களையும் குளக்கட்டுகளையும் ட்ரோனால் படமெடுத்து வரைபடம் செய்து கொடுப்பது என் தொழில். சோளகக் காலத்தில் இந்தக் கணக்கைப் போடாமல் நான் ட்ரோனைக் கிளப்புவதில்லை.

ட்ரோன் காற்றுக்குள் செக்கனுக்கு 15 மீற்றர் போகக் கூடியது என்று வையுங்கோ. காற்று செக்கனுக்கு 10 மீற்றர். பார்க்க வேண்டிய வயல் வரம்பு 1,500 மீற்றர் தள்ளி, காற்றுப் போகும் பக்கமாகவே இருக்கிறது. போகும்போது 15உம் 10உம் சேர்ந்து 25. ஒரு நிமிடத்தில் போய்விடும். வரும்போது 15இல் 10 போய் மிச்சம் 5. வந்து சேர 5 நிமிடம். மொத்தம் 6 நிமிடம். காற்றில்லாத நாளில் இதே வேலை 200 செக்கன், அதாவது 3 நிமிடமும் 20 செக்கனும்.

25ஐயும் 5ஐயும் கூட்டி இரண்டால் பிரித்தால் 15 வருகிறது. உங்கட வாதம் அந்த இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் காற்று உதவி செய்வது ஒரு நிமிடம், மறிப்பது 5 நிமிடம். உதவுகிற பக்கத்தில் வேகமாகப் போவதாலேயே அந்த உதவி சீக்கிரம் முடிந்துபோகிறது. மறிக்கிற பக்கத்தில் மெதுவாகப் போவதால் மறிப்பு நீளுகிறது. போய்வரும் பயணத்தில் காற்று எந்தத் திசையில் அடித்தாலும், ஒரே சீராக அடிக்கும் மட்டும், நட்டம்தான்.

யூன் 10, காலை

விசுவமடுவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: "தூரம் ஒண்டுதானே அண்ணை, பிறகு ஏன் பற்றரி கூட முடியுது?"

தூரம் ஒன்றில்லை, இரண்டு. நிலத்துக்கு மேலே எவ்வளவு நகர்ந்தது என்பது நிலத் தூரம். தன்னைச் சுற்றியிருக்கிற காற்றுக்குள் எவ்வளவு துளைத்துக்கொண்டு போனது என்பது காற்றுத் தூரம். இரணைமடுவில் துருசு திறந்து வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடும் நாளில் அதற்குள் எதிர்நீச்சல் போட்டவர்களுக்கு இது உடம்பால் தெரியும். கை வலிக்க நீந்தியிருப்பீர்கள், கரையில் நிற்கும் மருதமரம் அதே இடத்தில் நிற்கும். கையின் கணக்கு தண்ணீரோடு, மரத்தின் கணக்கு கரையோடு.

நேற்றைய எண்களையே எடுப்போம். போகும்போது 60 செக்கனில் ட்ரோன் காற்றுக்குள் ஓடியது 15 தரம் 60, அதாவது 900 மீற்றர். வரும்போது 15 தரம் 300, அதாவது 4,500 மீற்றர். காற்றுத் தூரம் 5,400 மீற்றர், நிலத் தூரம் 3,000 மீற்றர். பற்றரிக்கு நிலத் தூரம் தெரியாது. அது 5,400க்குத்தான் செலவு செய்கிறது. பெரிய விமானத்தின் எரிபொருளுக்கும் இதே கதைதான். அதனால்தான் விமான ஓட்டத் திட்டம் போடுகிறவர்கள் நிலத் தூரத்தை வைத்து எரிபொருள் ஏற்றுவதில்லை. அன்றைய காற்றை வைத்துக் காற்றுத் தூரமாக மாற்றுகிறார்கள்: நிலத் தூரத்தைக் காற்றுக்குள் போகும் வேகத்தால் பெருக்கி, நிலத்துக்கு மேலான வேகத்தால் பிரிக்கிறார்கள்.

யூன் 10, பின்னேரம்

"பின்காற்று அடிக்கும்போது பிளேனின் வாலில் காற்று மோதுமா?" மோதாது. சீரான காற்றில் விமானம் அந்தக் காற்றோடு சேர்ந்தே நகர்கிறது. இறக்கைக்கு எப்பவும் முன்னாலிருந்து வருகிற காற்று மட்டும்தான். உள்ளே இருக்கிறவருக்கு எதிர்காற்றும் பின்காற்றும் ஒன்றுபோலத்தான். காற்று திடீரென்று மாறும்போதுதான் குலுக்கல் தெரியும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வேகமானிக் குழாய் காட்டுவதும் காற்றுக்குள் போகும் வேகத்தைத்தான். நிலத்துக்கு மேலான வேகத்தை இப்போது செய்மதி காட்டுகிறது.

யூன் 12

நெடுங்கேணி அண்ணை திரும்ப எழுதியிருக்கிறார்: "ட்ரோன் சின்னன். பெரிய பிளேனுக்கு உது பொருந்துமோ?"

பொருந்தும், ஆனால் அளவு சுருங்கிவிடும். பலாலிக்கும் சென்னைக்கும் நடுவில் நேர்கோட்டுத் தூரம் கிட்டத்தட்ட 360 கிலோமீற்றர். 2019 நவம்பரில் அந்த வழியில் முதலில் ஓடத் தொடங்கியது ஏரீஆர் 72. இரண்டு உந்தியுள்ள அந்த விமானத்தின் வேகத்தை மணிக்கு 480 கிலோமீற்றர் என்று எடுப்போம். காற்றை 60 என்று எடுத்து, நேரே பின்னாலிருந்து தள்ளுகிறது என்றும் வைப்போம். போகும்போது 540, எனவே 40 நிமிடம். வரும்போது 420, எனவே 51 நிமிடமும் கொஞ்சமும். மொத்தம் ஏறக்குறைய 91 நிமிடமும் 25 செக்கனும். காற்றில்லாவிட்டால் 90. ஒன்றரை நிமிடம்கூட இல்லாத இந்த வித்தியாசத்தை வாசலில் காத்திருக்கும் மச்சான் கவனிக்கவே மாட்டார்.

முக்கியமானது காற்றின் வேகத்துக்கும் பறப்பதன் வேகத்துக்கும் உள்ள விகிதம். அதன் வர்க்கம்தான் நட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஏரீஆருக்கு அந்த விகிதம் எட்டில் ஒன்று, வர்க்கம் 64இல் ஒன்று, நட்டம் நூற்றுக்கு ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல். என் ட்ரோனுக்கு விகிதம் மூன்றில் இரண்டு, நட்டம் நூற்றுக்கு 80. விகிதம் ஒன்றைத் தொட்டால், அதாவது காற்றும் ட்ரோனும் ஒரே வேகம் என்றால், அது திரும்பி வராது. வானத்தில் அப்படியே நிற்கும், பற்றரி முடியும் வரைக்கும்.

யூன் 15

வவுனியாத் தம்பியின் மறுப்பு நல்ல மறுப்பு. "என்ர ட்ரோன் போகேக்கயும் 10, வரேக்கயும் 10 எண்டுதான் திரையில காட்டுது. காற்றால ஒரு வித்தியாசமும் இல்லை."

அவர் சொல்வது உண்மை. செய்மதியைப் பிடித்துக்கொண்டு பறக்கும் நிலையில் ட்ரோன் நிலத்துக்கு மேலான வேகத்தைத்தான் காப்பாற்றும். நீங்கள் குச்சியைத் தள்ளிக் கேட்பது நில வேகம். காற்று செக்கனுக்கு 6 மீற்றர் என்றால், காற்றோடு போகும்போது அது காற்றுக்குள் 4 மட்டும் ஓடும். எதிரே வரும்போது உடம்பை நன்றாக முன்னுக்குச் சரித்து 16 ஓடும். அதனால் திரையில் இரண்டு பக்கமும் 10.

இதில் ஒரு வடிவான விசயம் இருக்கிறது. 1,500 மீற்றரை 150 செக்கனில் போனால் காற்றுத் தூரம் 4 தரம் 150, அது 600. வரும்போது 16 தரம் 150, அது 2,400. கூட்டினால் 3,000. நிலத் தூரமும் 3,000! நில வேகத்தைப் பிடித்துவைத்தால் நெடுங்கேணி அண்ணையின் வாதம் தூரத்தில் நேராகிறது. பற்றரியில் நேராவதில்லை. ட்ரோன் தன் மின்சாரத்தில் பெரும்பங்கை மேலே நிற்பதற்கே செலவழிக்கிறது, 4இல் பறந்தாலும் அந்தச் செலவு குறையாது. 16இல் பறக்கும்போது அதற்கு மேலே காற்றுத்தடையும் ஏறுகிறது. தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும், அந்தத் தடையைத் தள்ளக் கொடுக்கும் வலு வேகத்தின் கனத்தோடு, அதாவது மூன்றாம் அடுக்கோடு, கூடும். போகும் பக்கத்தில் மிச்சம் பிடித்தது கொஞ்சம், வரும் பக்கத்தில் கொட்டியது நிறைய.

தம்பி, திரையில் வேகத்தைப் பார்க்காமல் பற்றரி நூற்றுவீதம் இறங்குவதைப் போகும்போதும் வரும்போதும் தனித்தனியே குறித்துப் பாருங்கோ.

யூன் 23

பக்கக்காற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் வன்னியில் எனக்கு அதிகம் தொல்லை தருவது அதுதான், அதனால் எழுதுகிறேன்.

பக்கத்தால் அடிக்கும் காற்று தள்ளுவதும் இல்லை மறிப்பதும் இல்லை, எனவே நேரத்தை மாற்றாது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. மாற்றும். நேர்கோட்டில் போக வேண்டுமென்றால் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி வைத்தே பறக்க வேணும். வேகத்தில் ஒரு பங்கு காற்றை ஈடுசெய்யவே போய்விடும். ட்ரோன் 15, பக்கக்காற்று 9 என்றால் மூக்கை 37 பாகை திருப்ப வேணும். மிச்சம் கிடைக்கும் நில வேகம் 12. பள்ளிக்கூடத்தில் படித்த 3, 4, 5 முக்கோணம்தான், மூன்றால் பெருக்கியது.

1,500 மீற்றர் போய்வர, காற்றில்லாமல் 200 செக்கன். 9 மீற்றர்க் காற்று பக்கத்தால் அடித்தால் 250. அதே காற்று நேரே முன்பின்னாக அடித்தால் 62.5உம் 250உம், மொத்தம் 312.5. இந்த மூன்று எண்களையும் பாருங்கோ: 200ஐ ஒன்றேகாலால் பெருக்கினால் 250, அதை இன்னொரு தரம் ஒன்றேகாலால் பெருக்கினால் 312.5. தற்செயல் இல்லை, எந்த எண்களைப் போட்டாலும் இந்த உறவு இப்படியே வரும்.

இந்தக் கணக்குக்குப் பெரிய சரித்திரம் உண்டு. ஒளி ஈதர் என்ற ஒன்றுக்குள் ஓடுகிறது, பூமி அதற்குள் நகர்கிறது, எனவே ஈதர்க் காற்று அடிக்க வேணும் என்று ஒருகாலத்தில் நம்பினார்கள். மைக்கல்சன் என்ற இயற்பியலாளர் ஒளியை ஒன்றுக்கொன்று குறுக்கான இரண்டு திசைகளில் போய்வரவிட்டு அந்தக் காற்றைத் தேடினார். 1881இல் அவர் போட்ட கணக்கில் காற்றுக்குக் குறுக்கே போய்வரும் ஒளிக்கு நட்டம் சேர்க்கப்படவில்லை. அதைப் பிறகு பொத்தியேயும் லோரன்சும் திருத்தினார்கள். திருத்திய கணக்கோடு 1887இல் மைக்கல்சனும் மோர்லியும் திரும்பச் செய்தார்கள். எதிர்பார்த்த வித்தியாசம் வரவில்லை. நான் அக்கராயனில் வரம்புக்கு மேலே பார்க்கிற அதே 250க்கும் 312.5க்கும் நடுவிலான வித்தியாசத்தைத்தான் அவர்கள் ஒளியில் தேடினார்கள் என்று முதன்முதல் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நெடுங்கேணி அண்ணைக்கு இன்னொன்று. யூன் 12இல் காற்று நேரே பின்னாலிருந்து வருகிறது என்று வைத்துக்கொண்டேன். ஏரீஆர் பறக்கும் உயரத்தில் பாக்குநீரிணைக்கு மேலே இந்த மாதங்களில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தே வருகிறது. பலாலி–சென்னை வழி கிட்டத்தட்ட வடக்கு–தெற்கு. ஆக அது பக்கக்காற்று. போகும்போதும் கொஞ்சம் நட்டம், வரும்போதும் அதேயளவு நட்டம், ஒவ்வொரு வழிக்கும் இருபது செக்கன் சொச்சம். "போகேக்க லாபம்" என்ற பேச்சே அங்கே அனேகமாக இல்லை.

யூலை 7

எப்போது திரும்ப வேணும் என்ற கேள்விக்கு.

பூநகரிப் பக்கம் ஒருவரின் ட்ரோன் கடல்நீரேரியில் விழுந்தது. பற்றரி பாதி வரை போய்விட்டு, மிச்சப் பாதியில் திரும்பலாம் என்று நினைத்திருக்கிறார். காற்று பின்னாலிருந்து தள்ளப் போனது, எதிர்காற்றில் திரும்பிவரப் பாதி போதவில்லை. சங்குப்பிட்டிப் பாலத்தடியில் சோளகம் எப்படி அடிக்கும் என்று அந்த வழியால் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

காற்றுக்குள் 15இல் சீராகப் பறக்கிறது, காற்று 6, பறக்கக் கிடைக்கும் நேரம் 20 நிமிடம் என்று வைப்போம். இறங்குவதற்கான மிச்சத்தை ஏற்கெனவே கழித்தாயிற்று. காற்றோடு போனால் நில வேகம் 21, திரும்ப 9. தூரம் ஒன்றே என்பதால் போகும் நேரமும் வரும் நேரமும் 9க்கு 21 என்று பிரியும். எனவே 20 நிமிடத்தில் நூற்றுக்கு 30 பங்கு, அதாவது 6ஆவது நிமிடத்தில் திரும்பிவிட வேணும். எதிர்காற்றில் போய்ப் பின்காற்றில் வருவதென்றால் 14ஆவது நிமிடம் வரை போகலாம்.

இப்போது தூரத்தைப் பாருங்கோ. செக்கனுக்கு 21 என்று 6 நிமிடம் போனால் 7,560 மீற்றர். செக்கனுக்கு 9 என்று 14 நிமிடம் போனாலும் 7,560 மீற்றர். எந்தப் பக்கம் முதலில் போனாலும் எட்டக்கூடிய எல்லை ஒன்றேதான். காற்றில்லாத நாளில் 9,000. தொடுவானம் தாண்டி இவ்வளவு தூரம் யாரும் ட்ரோனை விடக்கூடாது. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள்தான் நானும் பறக்கிறேன். கணக்கு விளங்குவதற்காக எழுதினேன்.

எல்லை ஒன்றாக இருந்தும் நான் எப்போதும் எதிர்காற்றில்தான் முதலில் போகிறேன். காற்று இடையில் பலத்தால் அது என்னை வீட்டுப் பக்கம் தள்ளும். காற்றோடு முதலில் போனவருக்கு அதே பலப்பு வழியை அடைத்துவிடும். வன்னியில் சோளகம் காலையில் சோம்பலாக இருந்து மத்தியானத்தில் எழும்பும் காற்று. பத்து மணிக்குப் போட்ட கணக்கு ஒரு மணிக்குச் செல்லாது.

இன்னொன்று. காலடியில் உணரும் காற்று மேலே இருக்கும் காற்றில்லை. வயலில் நிற்கும்போது நெல்லுத்தாள் சும்மா அசையும், 100 மீற்றர் மேலே ட்ரோன் சரிந்துகொண்டு நிற்கும். பளையிலும் மன்னாரிலும் வேலை வந்தால் எனக்கு நிம்மதி, காற்றாலைகள் இருக்கின்றன. அவற்றின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தால் அந்த உயரத்தின் காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். மற்ற இடங்களில் கிளப்பி மேலே ஒரே இடத்தில் நிறுத்தி, எந்தப் பக்கம் எவ்வளவு சரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

யூலை 21

"கணக்குப் பிழைச்சால் ட்ரோன் போகும், அவ்வளவுதானே" என்று மாங்குளத்திலிருந்து ஒருவர். அவருக்காக இது.

1947 ஓகஸ்ட் 2. புவனஸ் அயர்சிலிருந்து சந்தியாகோவுக்கு ஸ்டார்டஸ்ட் என்ற லங்காஸ்திரியன் விமானம் போனது. நடுவில் அந்தீஸ் மலை. முகில் மூடியிருந்ததால் நிலம் தெரியவில்லை. மலையைத் தாண்ட மிக உயரத்தில் ஏறிப் பறந்தார்கள். நிலம் தெரியாதவருக்குக் கையில் இருப்பது வேகமானியும் மணிக்கூடும்தான். இரண்டையும் பெருக்கினால் வருவது காற்றுத் தூரம். அந்த உயரத்தில் மேற்கிலிருந்து ஆறுபோல மிக வேகமாக ஓடும் ஜெற் காற்றோட்டம் பற்றி அந்தக் காலத்து விமானிகளுக்குப் பெரிதாகத் தெரியாது. காற்றுத் தூரப்படி மலையைத் தாண்டியாயிற்று. நிலத் தூரப்படி மலை இன்னும் முன்னாலேயே நின்றது. தாண்டிவிட்டோம் என்று நம்பி முகிலுக்குள் இறங்கியவர்கள் துப்புங்காதோ மலையின் பனிச்சரிவில் மோதினார்கள். 11 பேர். பனி மூடி, பனியாற்றுக்குள் புதைந்து, அரை நூற்றாண்டு கழிந்து 1998இல்தான் மலையேறிகளுக்குச் சிதைவுகள் கண்ணில் பட்டன. நடந்தது இதுதான் என்பது பின்னால் ஆராய்ந்தவர்களின் முடிவு.

அந்த 11 பேரைப் பற்றிப் படித்த பிறகு "காற்றுத் தூரம்" என்ற சொல்லை நான் லேசாகச் சொல்வதில்லை.

ஓகஸ்ட் 4

மேலே எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு பேர் ஜெற் காற்றோட்டத்தைக் கேட்டிருக்கிறார்கள். வடக்கே அது பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கு. 2020 பெப்ரவரியில் நியூயோர்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு போயிங் 747 4 மணி 56 நிமிடத்தில் போனது. நிலத்துக்கு மேலே அதன் உச்ச வேகம் மணிக்கு 1,300 கிலோமீற்றரைத் தாண்டியது. ஒலியின் வேகத்தை உடைத்ததா என்று கேட்டார்கள். இல்லை. காற்றுக்குள் அது வழமையான வேகத்தில்தான் போனது. மிச்சத்தைக் கொடுத்தது காற்று.

எங்கட தலைக்கு மேலே நடப்பது இன்னும் வியப்பு. சோளகக் காலத்தில் தரையில் தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. அதே நாளில் 14, 15 கிலோமீற்றர் மேலே கிழக்கிலிருந்து ஒரு ஜெற் காற்றோட்டம் ஓடுகிறது. இந்திய வானிலையாளர் கோட்டேஸ்வரம் 1958இல் அதை விவரித்து எழுதினார். பெரிய விமானங்கள் பறக்கும் 12 கிலோமீற்றரிலேயே அந்தக் கிழக்குக் காற்று தெரியத் தொடங்கிவிடும். ஆக யூலையில் கிளிநொச்சிக்கு மேலே கிழக்கு நோக்கிப் போகும் ஒரு விமானம் தாழப் பறந்தால் பின்காற்று, உயரப் பறந்தால் எதிர்காற்று. நிலத் தூரம் ஒன்றே, காற்றுத் தூரம் உயரத்துக்கு ஒன்று. "சோளகம் தள்ளும்" என்று நிலத்தில் நின்று சொல்வதற்கு முன் எந்த உயரத்தில் என்று கேட்க வேணும்.

ஓகஸ்ட் 18

ஒரு சகோதரி புலம்பெயர் நாட்டிலிருந்து கேட்டிருந்தா, வன்னிப் பிள்ளைகளுக்கு ஏன் பறப்பதில் இவ்வளவு அக்கறை என்று. என் வயதுக்காரர் வானத்தை முதலில் காதால்தான் படித்தோம். வண்டு என்று நாங்கள் சொன்ன ஆளில்லா விமானம் ஒரு பக்கம் போகும்போது இரைச்சல் தலைக்கு மேலே நின்றுகொண்டே இருக்கும். திரும்பும்போது கெதியில் கடந்துபோகும். நில வேகம் கூடிக் குறைவதுதான் அது என்று பிறகு படித்துத்தான் தெரிந்தது. பதுங்குகுழிக்குள் இருந்த பிள்ளைக்கு அந்த நீண்ட பக்கம் மட்டும்தான் தெரிந்திருந்தது. இதைப் பற்றி இங்கே இவ்வளவு போதும்.

செப்டெம்பர் 15

முத்தையன்கட்டிலிருந்து ஒரு ஐயா எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது. நீர்க்காகங்கள் பின்னேரம் காற்றுக்கு எதிரே போகும்போது குளத்துத் தண்ணீரை உரசுவதுபோலத் தாழப் போகின்றன, காற்றோடு போகும்போது உயரப் போகின்றன, ஏன் என்று கேட்கிறார்.

ஐயா, அவை கணக்குப் பார்த்துத்தான் போகின்றன. தண்ணீருக்குக் கிட்ட காற்று உராய்ந்து மெதுவாகிறது. எதிர்காற்றுக் காலத்தில் அங்கே போனால் காற்றுத் தூரம் குறையும். பின்காற்றில் உயர ஏறினால் பலத்த காற்று கிடைக்கும். நானும் இதையே செய்கிறேன்: எதிர்காற்றில் போகும்போது மரங்களுக்கு மேலே பாதுகாப்பான அளவுக்குத் தாழ இறக்கியே கொண்டுபோகிறேன். பற்றரியில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

இன்னொன்று நாங்கள் கவனிக்க வேணும். 2022இல் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து தஸ்மேனியாவுக்கு 11 நாளில் 13,560 கிலோமீற்றர் நிற்காமல் பறந்தது. அதன் உடலில் கட்டிய கருவி செய்மதிக்குச் சொன்ன தூரம் அது, அதாவது நிலத் தூரம். அந்தப் பறவையின் சிறகு அடித்த தூரம் வேறு. நல்ல பின்காற்றைத் தேர்ந்து கிளம்பியிருந்தால் அதைவிடக் குறைவு, வழியில் எதிர்காற்று பிடித்திருந்தால் கூட. அதன் உறவான கருவால் மூக்கன் மாரியில் வங்காலைச் சதுப்பில் கூட்டமாக இறங்கும். மன்னார்ப் பக்கம் போகிறவர்கள் பாருங்கோ.

நவம்பர் 10

மழை தொடங்கிவிட்டது, வேலை இல்லை. மாரி பிறந்ததும் வயலுக்கு மேலே மஞ்சள் தும்பிகள் கூட்டம் கூட்டமாகச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உலகம் முழுக்கத் திரியும் தும்பி இனம் இது. மாலைதீவில் வாழ்ந்த சாள்ஸ் அன்டர்சன் என்ற உயிரியலாளர், நன்னீர்க் குளமே அரிதான அந்தத் தீவுகளுக்கு ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை இவை பெருந்தொகையாக வந்திறங்குவதைக் கவனித்து 2009இல் எழுதினார். இந்தியாவிலிருந்து கடலுக்கு மேலே வந்து, மாலைதீவைத் தாண்டி, கிழக்கு ஆபிரிக்கா வரை போகின்றன என்பது அவர் கருத்து. இவ்வளவு சிறிய உடம்பு அத்தனை கடலைத் தன் சொந்த வேகத்தால் மட்டும் கடக்க முடியாது. வரும் நாட்களில் மாலைதீவில் தரையில் அடிப்பது மேற்குக் காற்று, தும்பிக்கு எதிர்காற்று. ஆனால் ஆயிரம் மீற்றருக்கு மேலே வடகிழக்கிலிருந்து காற்று அடிக்கிறது. தும்பி அங்கே ஏறிப் பறக்கிறது. நிலத் தூரம் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர், அதன் சிறகு உழைத்த காற்றுத் தூரம் அதில் ஒரு பங்கு.

ஓகஸ்டில் எழுதிய இரண்டு தட்டுக் காற்றும், செப்டெம்பரில் ஐயா சொன்ன நீர்க்காகமும், இந்தத் தும்பியும் ஒரே விசயம்தான். பறப்பன எல்லாம் உயரத்தை மாற்றித் தங்களுக்கு ஏற்ற காற்றைத் தேடுகின்றன.

நவம்பர் 24

ஒட்டுசுட்டானிலிருந்து உயர்தரம் எடுக்கும் தம்பிக்கு. இணைந்த கணிதத்தில் சார்பு வேகக் கேள்வி, காற்று நேராகவும் இல்லை பக்கமாகவும் இல்லை, சரிவாக அடிக்கிறது, போய்வர மொத்த நேரம் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்.

முக்கோணத்தைக் கீறும். போகும் வழிக்கும் காற்றுக்கும் நடுவில் உள்ள கோணத்தை எடுத்து, காற்றை இரண்டாகப் பிரியும்: வழியோடு வரும் கூறு, வழிக்குக் குறுக்கே வரும் கூறு. விமானத்தின் வேக வர்க்கத்திலிருந்து குறுக்குக் கூறின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடும். போகும்போது அதோடு நேர்க்கூறைக் கூட்டும், வரும்போது கழியும். இரண்டு நேரத்தையும் கூட்டினால் பின்னத்தின் கீழே, விமான வேகத்தின் வர்க்கத்திலிருந்து முழுக் காற்றின் வர்க்கத்தைக் கழித்தது வரும். மேலே, போய்வரும் மொத்தத் தூரத்தைப் பெருக்கி நிற்பது முன்பு எடுத்த வர்க்கமூலம். கோணம் கீழே எங்கும் வராது, மேலே மட்டும்தான் நிற்கும். இதைக் கண்டுவிட்டால் விடையைப் பிழைக்கவிட மாட்டீர்.

யூன் 23இல் எழுதிய எண்களில் சரிபாரும்: வேகம் 15, காற்று 9, தூரம் 1,500 போய் 1,500 வர, கோணம் 45 பாகை. குறுக்குக் கூறின் வர்க்கம் 40.5. 225இல் அது போக 184.5, வர்க்கமூலம் கிட்டத்தட்ட 13.58. கீழே 144. விடை ஏறக்குறைய 283 செக்கன். 250க்கும் 312.5க்கும் நடுவில் விழுகிறது. வேறு விடை வந்தால் முக்கோணத்தின் படத்தை இங்கே போடும், எந்த வரியில் பிசகியது என்று பார்த்துச் சொல்கிறேன்.